சாறு வேறு, சாரம் வேறு

“டுரியான் பெலாண்டா பழச்சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதில் கீமோதெரபியைவிட 10,000 மடங்கு ஆற்றல் வாய்ந்தது. மருந்து நிறுவனங்கள் இதை மறைத்து வருகின்றன. உடனே பத்துப் பேருக்குப் பகிருங்கள்.”

இச்செய்தியைப் பெறாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே இருப்பர். முன்பு மின்னஞ்சலில் வந்தது. பின்னர் முகநூலில் வந்தது. இப்பொழுது புலனக் குழுக்களில் வலம் வருகிறது. சில சமயம் டுரியான் பெலாண்டாவின் இடத்தில் மங்குஸ்தீன் இருக்கும். சில சமயம் மாதுளை இருக்கும். பழம் மாறினாலும் வாக்கியம் மாறுவதில்லை.

இது முழுப் பொய் என்று சொல்லிவிட்டால் என் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் இது முழுப் பொய்யன்று. இதன் அடியில் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. அந்த ஆய்வு ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்டு நம் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு சொல் தடம் மாறிவிடுகிறது. ‘சாறு’ என்பதே அச்சொல். அச்சொல்லைச் சரிப்படுத்தும் கடமை தமிழும் அறிவியலும் அறிந்த மாணவர்களாகிய நமக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வழி நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

நான் உயிர்வேதியியல் துறையில் இறுதியாண்டு பயிலும் மாணவர். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தேன். என் இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக மங்குஸ்தீன் பழத்தோலை எடுத்துக்கொண்டேன். சுளையைத் தின்றுவிட்டுத் தோலை எறிவது நம் வழக்கம். ஆனால் ஆய்வாளர்கள் தேடும் சாந்தோன் எனப்படும் வேதிப்பொருள்கள் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ஆல்ஃபா மாங்கோஸ்டின்.

செய்முறை இதுதான். தோலைக் காயவைத்து, பொடியாக்கி, மெத்தனாலில் ஊறவைக்க வேண்டும். மெத்தனால் என்பது கண்பார்வையைப் பறிக்கவும் உயிரைக் குடிக்கவும் வல்ல நச்சுச் சாராயம். பின்பு வடிகட்டி, வெற்றிடச் சுழல் கருவியில் மெத்தனாலை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். குடுவையின் அடியில் கருஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று ஒன்று தங்கும். ஆய்வுக் கட்டுரைகளில் ‘பழத்தின் எக்ஸ்டிராக்ட்’ என்று எழுதப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒன்றைத்தான். இதை யாரும் குடிப்பதில்லை, குடிக்கவும் கூடாது.

பிறகு சோதனைகள். டி.பி.பி.எச். என்பது ஊதா நிறக் கரைசல். நாம் சேர்க்கும் பொருளுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். எம்.டி.டி. என்னும் மற்றொரு சோதனையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். அங்கே உயிருள்ள செல்கள் மஞ்சள் நிறப் பொருளை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல்கள் இறந்திருக்கின்றன அல்லது ஓய்ந்திருக்கின்றன என்று பொருள். முதல் சோதனையில் செல்லே கிடையாது. இரண்டாவதில் செல் உண்டு, உடல் கிடையாது. பிளாஸ்டிக் தட்டின் சிறு குழியில் இருக்கும் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வது அவ்வளவு அரிய செயலன்று. துணி வெளுக்கும் குளோராக்ஸை ஊற்றினாலும் அவை இறக்கும். நல்ல செல்களை விட்டுவிட்டுப் புற்றுநோய்ச் செல்களை மட்டும் கொல்கிறதா, வயிற்றையும் கல்லீரலையும் கடந்து கட்டி இருக்கும் இடத்தைப் போதிய அளவில் சென்றடைகிறதா என்பவைதாம் கேள்விகள்.

அந்த 10,000 மடங்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. டுரியான் பெலாண்டாவின் விதைகளிலிருந்து அவர்கள் சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் சிஸ்-அன்னோனாசின் என்ற ஒன்று, எச்.டி.-29 எனப்படும் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்வகைக்கு எதிராக, அட்ரியாமைசின் என்ற மருந்தைவிட 10,000 மடங்கு வீரியத்துடன் செயல்பட்டது. அதாவது, அதே விளைவுக்கு அத்தனை மடங்கு குறைந்த அளவே போதுமானதாக இருந்தது.

கவனியுங்கள். சோதிக்கப்பட்டது பழச்சாறு அன்று. விதையிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய ஒரே ஒரு வேதிப்பொருள். ஒப்பிடப்பட்டது ‘கீமோதெரபி’ முழுவதுமன்று, ஒரு மருந்து. நடந்தது மனித உடலில் அன்று. தட்டில் வளர்த்த செல்களில். ஆய்வாளர்கள் எழுதியதில் பிழையில்லை. ஆனால் விதை பழமானது, வேதிப்பொருள் சாறானது, தட்டு மனிதனானது. மூன்று தாவல்களையும் ஒரே வாக்கியம் செய்து முடித்துவிட்டது.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கரிபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவில் இப்பழத்தை விரும்பி உண்பர். இலையைத் தேநீர்போல் காய்ச்சியும் குடிப்பர். அங்கே பார்க்கின்சன் நோயை ஒத்த, ஆனால் வழக்கமான மருந்துக்குச் சரிவரக் கட்டுப்படாத நரம்புக் கோளாறு வழக்கத்துக்கு மாறாக அதிகமாகக் காணப்படுவதையும், அந்நோயாளிகளிடையே இப்பழக்கம் மிகுந்திருந்ததையும் பிரெஞ்சு மருத்துவர்கள் 1999ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் எழுதினர். பின்னர் நடந்த எலி ஆய்வுகளில், இதே தாவரத்தில் உள்ள அன்னோனாசின் மூளையின் நரம்புச் செல்களைச் சிதைப்பது தெரியவந்தது. மனிதர்களில் இதுவே காரணம் என்று அறுதியிட்டு நிறுவப்படவில்லை. எப்போதாவது ஒரு பழம் உண்பவர் அஞ்ச வேண்டியதுமில்லை. ஆனால் நாள்தோறும் மாதக்கணக்கில் இலைக் கஷாயமும் சாறும் குடிப்பவரிடம் ‘இயற்கைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?’ என்று சொல்ல இயலாது. செல்லைக் கொல்லும் ஆற்றல் உள்ள பொருளுக்கு எந்தச் செல்லைக் கொல்ல வேண்டும் என்று தானாகத் தெரிவதில்லை.

அளவுக்கு மிஞ்சினால்

‘ஆண்டி ஆக்சிடென்ட்’ என்ற சொல் இன்று பாசார் மாலாமில் பழரசம் விற்பவர் வாயிலும் புழங்குகிறது. உடலில் உருவாகும் தனி உறுப்புகள், அதாவது ஃப்ரீ ராடிக்கல்கள், செல்லின் மரபுப்பொருளைத் தாக்குகின்றன. எதிர் ஆக்சிஜனேற்றிகள் அவற்றைத் தணிக்கின்றன. ஆகவே இவற்றை எவ்வளவு அதிகம் உட்கொள்கிறோமோ அவ்வளவு நல்லது. கேட்பதற்கு மிகப் பொருத்தமாக இருக்கும் இவ்வாதத்தை அறிவியல் உலகமே ஒரு காலத்தில் நம்பியது. நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியது. அமெரிக்காவில் புகைபிடிப்போர், கல்நார்த் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ‘ஏ’வையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய ஆய்விலும் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு கூடியதால் 1996ஆம் ஆண்டு அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. பழங்களின் ஆற்றலை எண்களாகப் பட்டியலிட்ட ‘ஓராக்’ தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண் துறை 2012ஆம் ஆண்டு தன் இணையத்தளத்திலிருந்து அகற்றியது. சோதனைக் குழாயில் கிடைக்கும் எண் மனித உடலில் நடப்பதைக் காட்டாது என்பதும், அந்த எண்களை விற்பனையாளர்கள் தவறாகப் பயன்படுத்தினர் என்பதும் அத்துறை சொன்ன காரணங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதற்கும் பொருந்துகிறது. தனி உறுப்புகள் உடலுக்குப் பகையாக மட்டும் இருப்பவையல்ல. கதிர்வீச்சுச் சிகிச்சையும் சில கீமோ மருந்துகளும் அவற்றைக் கருவியாகக் கொண்டே புற்றுநோய்ச் செல்களை அழிக்கின்றன. சிகிச்சைக் காலத்தில் எதிர் ஆக்சிஜனேற்றிகளை மாத்திரையாகவும் செறிவூட்டிய பானமாகவும் அதிக அளவில் உட்கொள்ள வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

நித்தியகல்யாணி சொல்லும் பாடம்

இவ்வளவும் படித்துவிட்டு, ‘ஆங்கில மருத்துவத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா?’ என்று சிலர் கேட்கலாம். தாவரங்களில் மருந்து இல்லை என்று நான் கூறவில்லை. இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே மங்குஸ்தீன் தோலோடு ஓராண்டைக் கழித்தேன்!

நம் வீட்டு வாசலிலும் கோவில் வளாகத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர்கள் இதைக் கெமுந்திங் சீனா என்பர். நீரிழிவுக்கு நல்லது என்று ஜமைக்காவில் இதன் இலையைக் காய்ச்சிக் குடித்தனர். அதைக் கேள்வியுற்ற கனடா ஆய்வாளர் இராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் எலிகளுக்கு அதன் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை குறையவில்லை, ஆனால் இரத்த வெள்ளணுக்கள் சரிந்தன. அதன் காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் 1958ஆம் ஆண்டு வின்பிளாஸ்டினை அறிவித்தனர். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் அது முக்கிய மருந்து.

ஆனால், நித்தியகல்யாணிக் கஷாயம் குடித்து இரத்தப் புற்றுநோயைப் போக்கலாம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில்தான் அம்மருந்து கிடைக்கும். அதை மில்லிகிராம் கணக்கில் நரம்பு வழி ஏற்றுவர். இடம் மாறித் தண்டுவடத்தில் ஏற்றினால் உயிர் போகும். செடிக்கும் மருந்துக்கும் இடையே அத்தனை தொலைவு. டுரியான் பெலாண்டாவும் மங்குஸ்தீனும் அப்பாதையின் தொடக்கத்தில் நிற்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகம் உட்பட நம் நாட்டு ஆய்வாளர்களும் டுரியான் பெலாண்டாவை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். அவை போற்றத்தக்க உழைப்பு. ஆனால் தொடக்கத்தையே முடிவு என்று விற்பது நேர்மையாகாது.

நம் சித்த மருத்துவமும் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. அக மருந்துகளை 32 வகையாகப் பிரித்து, சாறு, குடிநீர், கற்கம், சூரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் செய்முறையும் ஆயுட்காலமும் வகுத்துத் தந்தவர்கள் நம் சித்தர்கள். பிழிந்தது வேறு, காய்ச்சியது வேறு, பொடித்தது வேறு என்று பார்த்த மரபில் வந்த நாம், இன்று எல்லாவற்றையும் ‘சாறு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது வருந்தத்தக்கது.

ஏன் இதற்கு இவ்வளவு பேச்சு?

பழச்சாறு குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட முடியாத காரணம் உண்டு. என் பெரியம்மா ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மார்பில் கட்டி இருப்பது தெரிந்து மருத்துவமனைக்குச் சென்றபோது, இரண்டாம் கட்டம், அறுவை செய்யலாம் என்றனர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு அஞ்சினார். அவ்வேளையில் நேரடி விற்பனை முகவர் ஒருவர் வந்தார். ஒரு புட்டி 160 ரிங்கிட். கையில் ஒரு துண்டுப் பிரசுரம். அதில் ஆய்வுக்கூடப் படமும் ஆய்வு முடிவும் இருந்தன.

நான் விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது எனக்குத் தெரிந்தவரையில் விளக்கினேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீ சொல்றது எல்லாம் படிச்சவங்க பேச்சு மாதிரி இருக்கும்மா. அந்தத் தம்பி நமக்குப் புரியற மாதிரி சொல்றாரு. யுனிவர்சிட்டியிலயே ஆராய்ச்சி பண்ணிருக்காங்களாமே?” என்றார். ஏழு மாதங்கள் கழித்து அவர் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றபோது நோய் மூன்றாம் கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்று சிகிச்சையில் இருக்கிறார். அவரை ஏமாற்றியது அவருடைய அறியாமை என்று நான் நினைக்கவில்லை. ஆய்வு என்றால் மதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மதிப்பைத்தான் துண்டுப் பிரசுரம் காசாக்கியது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை மலேசியாவில் 115,238 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கட்டம் பதிவானவர்களில் 63.7 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் இது 58.7 விழுக்காடு. இதற்கெல்லாம் பழச்சாறே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. அச்சம், வெட்கம், மருத்துவமனைத் தொலைவு, ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் சம்பளம் போகும் நிலை எனப் பல காரணங்கள் உள்ளன. ஆனால் அவற்றோடு பொய்யான நம்பிக்கையும் சேர்ந்தால் தாமதம் இரட்டிப்பாகும். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வழிகளை மட்டும் நாடியவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகம் என்று அமெரிக்க நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, இத்தகைய செய்தி வந்தால் நான்கு கேள்விகள் கேட்போம். பழத்தின் எந்தப் பகுதி? எதில் ஊறவைத்து எடுத்தார்கள்? தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எதோடு ஒப்பிட்டார்கள்? விடை கிடைக்காத செய்தியைப் பகிராதிருப்போம்.

இரண்டாவதாக, சட்டத்தை அறிந்துகொள்வோம். புற்றுநோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் தடை செய்கிறது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் ‘மால்’ எண் இருக்கும். ஆனால் அந்த எண் புற்றுநோய் தீரும் என்பதற்கான சான்றிதழன்று. உணவுப் பானம் என்ற பெயரில் விற்கப்படும் புட்டியில் அந்த எண்ணும் இராது.

மூன்றாவதாக, பழத்தைப் பழமாகவே உண்போம். நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் உண்ணுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தட்டில் பாதி இவை இருக்க வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சும் சொல்கிறது. கொய்யாவும் பப்பாளியும் 160 ரிங்கிட் கேட்பதில்லை. சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரேப்ஃப்ரூட் என்னும் சாதாரணப் பழமே குடலில் உள்ள ஒரு நொதியைத் தடுத்து, சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பது நிறுவப்பட்ட உண்மை.

நான்காவது, நம் மொழிக் கழகங்களுக்கானது. உயிரியலையும் வேதியியலையும் தமிழில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை; மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்றேன். உங்களில் பலரின் நிலையும் அதுவே. ஆனால் பெரியம்மாவிடம் வந்த முகவர் தமிழில் பேசினார். துண்டுப் பிரசுரம் தமிழில் இருந்தது. புலனச் செய்தியும் நல்ல தமிழில்தான் வருகிறது. ஆய்வேடு மட்டும் ஆங்கிலத்தில் நூலக அலமாரியில் உறங்குகிறது. தமிழ் விழாவும் கவியரங்கமும் பட்டிமன்றமும் நமக்கு வேண்டும். அவற்றோடு, அறிவியல் துறைகளில் பயிலும் ஒவ்வோர் உறுப்பினரும் தம் இறுதியாண்டு ஆய்வை ஒரே ஒரு பக்கத்தில், தம் பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ புரியும் தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கழகம் கேட்கலாம். அவற்றைத் தொகுத்து இவ்விதழில் வெளியிடலாம். தமிழ் நாளேடுகளும் ஆய்வுச் செய்திகளை எழுதும்போது ஒரு சிறு மாற்றத்தைச் செய்யலாம். பிழிந்து குடிப்பதைச் சாறு என்போம். மெத்தனாலிலும் பிறவற்றிலும் ஊறவைத்துப் பிரித்தெடுத்ததைச் சாரம் என்போம். ‘பழச்சாறு புற்றுநோயைக் கொன்றது’ என்ற தலைப்பு ‘பழத்தோலின் சாரம் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது’ என்று மாறினால் விற்பனை குறையலாம். ஒரு குடும்பம் ஏழு மாதங்களை இழக்காமலும் இருக்கலாம்.

என் ஆய்வேட்டை நான் ஆங்கிலத்தில் சமர்ப்பித்துவிட்டேன். அதன் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைக் கழகச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பக்கத்தை எழுத வேண்டியவர் நீங்கள்.